வீடு பிரிக்கும் வேலையில் விரல்களை இழந்த தச்சர்: இழப்பீட்டை யாரிடம் கேட்பது?

ஊருணிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தாய்மாமா தச்சு வேலை செய்பவர், வயது 45. காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது நிலை, தூண், உத்தரம் ஆகியவற்றைச் சேதமில்லாமல் இறக்கித் தருவதில் கைதேர்ந்தவர். 2025 மார்ச் மாதம், கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு வீட்டின் இரண்டாம் கட்டில் தேக்கு உத்தரத்தைச் செயின் பிளாக்கில் (பளு தூக்கும் சங்கிலிக் கப்பி) கட்டி இறக்கிக்கொண்டிருந்தபோது சங்கிலி நழுவி, உத்தரத்திற்கும் தூணுக்கும் நடுவே அவருடைய வலது கை சிக்கிக்கொண்டது. பெருவிரலைத் தவிர மற்ற நான்கு விரல்களையும் மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள்.

அந்த வீட்டின் மரங்களை விலைபேசி வாங்கியிருந்த பழம்பொருள் வியாபாரி அப்போது மருத்துவச் செலவுக்கு 60,000 ரூபாய் கொடுத்தார். இப்போது அவர், ‘இன்னும் ஒரு லட்சம் தருகிறேன், இனி எந்தப் பாத்தியதையும் இல்லை என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்’ என்கிறார். கூடவே, ‘வேலையை மொத்தமாகப் பேசித்தான் விட்டேன், அவர் என் ஆள் இல்லை, கேட்பதானால் வீட்டுக்காரர்களைக் கேளுங்கள்’ என்றும் சொல்கிறார். வீட்டுக்காரர்கள் பதினொரு பங்காளிகள். பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். மாமாவுக்கு நாள் கூலி 1,000 ரூபாய். எழுதிக் கொடுத்துவிடலாமா, அல்லது முறையிட வழி இருக்கிறதா என்பதை விவரம் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

வழக்கேடு எழுதியது:

முதலில் ஒன்றைச் செய்யுங்கள்: எதிலும் கையெழுத்திடாதீர்கள். தொழிலாளர் வழக்குகளில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இத்தகைய முத்திரைத்தாள்கள் சட்டத்தின்முன் நிற்பதில்லை என்றாலும் அவற்றை எழுதிக் கொடுத்த குடும்பங்கள் அதற்குப் பிறகு வாயைத் திறப்பதேயில்லை. வியாபாரிகள் அந்தத் தாளை வாங்குவதும் அதற்காகத்தான்.

1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுப்பதாக எழுதப்படும் எந்த ஒப்பந்தமும் முதலாளியின் பொறுப்பை நீக்கவோ குறைக்கவோ முயலும் அளவுக்குச் செல்லாது என்கிறது. இழப்பீட்டை இருவரும் பேசி முடித்துக்கொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அப்படி முடித்த தொகைக்கான ஒப்பந்தக் குறிப்பை, இச்சட்டப்படி இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் ஆணையருக்கு முதலாளி அனுப்பிப் பதிவுசெய்ய வேண்டும் என்று 28ஆவது பிரிவு கூறுகிறது. தொகை குறைவாக இருந்தாலோ ஏமாற்றியோ நெருக்கியோ பெற்றதாகத் தெரிந்தாலோ ஆணையர் பதிவுசெய்ய மறுக்கலாம். பதிவுசெய்யாமல் விட்டால் முழு இழப்பீட்டுக்கும் முதலாளியே பொறுப்பு என்பதோடு, ஏற்கெனவே கொடுத்த தொகையில் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ளவும் ஆணையர் அனுமதித்தாலன்றி அவரால் முடியாது என்று 29ஆவது பிரிவு சொல்கிறது. வியாபாரிக்கு இதை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

அந்த 60,000 ரூபாயைப் பற்றி: மருத்துவத்திற்காக முதலாளி கொடுத்த பணம் இழப்பீட்டுக் கணக்கில் சேராது. 2009ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, வேலையில் ஏற்பட்ட காயத்திற்கான உண்மையான மருத்துவச் செலவு முழுவதையும் இழப்பீட்டுக்கு அப்பால் தனியாகத் தர வேண்டியது முதலாளியின் கடமை. ஆகவே மருத்துவமனை, மருந்துக்கடை ரசீதுகளை எல்லாம் ஒரே உறையில் போட்டுவையுங்கள்.

இன்னொரு குறிப்பு. சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதால் பழைய சட்டம் போய்விட்டதே என்று யாராவது குழப்பலாம். உங்கள் மாமாவின் விபத்து அதற்கு முன்பே நடந்தது. அன்றைக்கு அவருக்கு உண்டான உரிமை பழைய சட்டத்தின்படியே நிற்கும். புதிய தொகுப்பிலும் இழப்பீட்டு அத்தியாயத்தின் எலும்புக்கூடு பெரும்பாலும் பழையதுதான்.

தேக்குமரம் எழுதியது:

நானும் இதே தொழிலில் இருப்பவன். மேலே சொல்லப்பட்ட வியாபாரி நானல்லன் என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். ஒருதலையாகப் பேசப்படுவதால் எழுதுகிறேன். ஒரு வீட்டை நாங்கள் விலைபேசி வாங்குகிறோம். பிரிக்கும் வேலையை ஆசாரியிடம் இத்தனை ரூபாய் என்று பேசி விடுகிறோம். அவர் எத்தனை ஆள் வைக்கிறார், எப்படி இறக்குகிறார் என்பதில் நாங்கள் தலையிடுவதில்லை. அப்படியிருக்க அவரை எங்கள் ‘தொழிலாளி’ என்று எப்படிச் சொல்வது? மேலும் இந்தச் சட்டம் ஆலைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் உரியது என்றுதான் இதுவரை கேள்விப்பட்டிருக்கிறேன். வேலையிடத்தில் கவனக்குறைவாக இருந்தால் அதற்கும் நாங்களா பொறுப்பு?

வழக்கேடு எழுதியது:

நண்பரின் கேள்விகள் நியாயமானவை, பின்னதிலிருந்து தொடங்குகிறேன்.

இது ஆலைகளுக்கு மட்டுமான சட்டம் அன்று. யார் யார் பணியாளர் என்று சொல்லும் இரண்டாம் அட்டவணையில், தரையிலிருந்து கூரை உச்சிவரை 12 அடி அல்லது அதற்கு மேல் உயரமுள்ள கட்டடத்தைக் கட்டுதல், பராமரித்தல், பழுதுபார்த்தல், இடித்தல் ஆகியவற்றில் வேலைசெய்பவர்கள் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். செட்டிநாட்டில் 12 அடிக்குக் குறைந்த வளவு வீட்டை எங்கே போய்த் தேடுவது? இந்தச் சட்டம் 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் ஊர்ப் பெரிய வீடுகளில் பல அதற்குப் பிறகு கட்டப்பட்டவை என்பதால், பர்மாவிலிருந்து வந்த அந்த உத்தரங்களில் சில மேலே ஏறியபோதே இந்தச் சட்டம் இருந்திருக்கிறது; இறங்கும்போது மட்டும் அது இல்லாததுபோல் நாம் நடந்துகொள்கிறோம்.

கவனக்குறைவு பற்றி: இது யார் குற்றம் என்று பார்க்கிற சட்டம் அன்று. விபத்து வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் நேர்ந்ததா என்பதே கேள்வி. குடிபோதை, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறுதல், பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றுதல் ஆகியவை நேரடிக் காரணமாக இருந்தால் முதலாளி விலக்குக் கேட்கலாம். ஆனால் மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டுவிட்டால் அந்த விலக்கும் கிடைக்காது. சாதாரணக் கவனப்பிசகு இவற்றில் எதிலும் அடங்காது.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். இந்த வழக்கின் உயிர்நிலை அதில்தான் இருக்கிறது. ஆசாரி உண்மையிலேயே மொத்தத் தொகைக்கு வேலையை எடுத்து, தன் ஆட்களை வைத்து, தன் லாப நட்டத்தில் செய்திருந்தால் அவர் ஒப்பந்ததாரர்; அவருக்குக் காயம்பட்டால் இச்சட்டத்தின்படி இழப்பீடு கேட்பது கடினம். இதை மறைத்துப் பயனில்லை. அதே நேரத்தில், அவர் கொண்டுவந்த சித்தாளுக்குக் காயம்பட்டிருந்தால் வியாபாரி தப்பிக்க முடியாது. தன் தொழிலுக்கான வேலையை ஒப்பந்ததாரர் மூலம் செய்விக்கும் முதன்மை முதலாளி, அந்த ஒப்பந்ததாரரின் ஆளுக்குத் தானே இழப்பீடு கொடுத்துவிட்டுப் பிறகு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பது 12ஆவது பிரிவு.

ஆகவே ஊருணிக்கரை அவர்களே, உங்கள் மாமா எந்த வகையைச் சேர்ந்தவர் என்பதைத்தான் இப்போது பார்க்க வேண்டும். கூலி நாள் கணக்கிலா, மொத்தமாகவா? அன்றாடம் வந்து எதை முதலில் இறக்குவது என்று சொன்னவர் யார்? செயின் பிளாக், கயிறு, சாரக்கம்பு ஆகியவை யாருடையவை? மற்ற ஆட்களுக்குச் சம்பளம் யார் கையிலிருந்து போயிற்று? ‘காண்ட்ராக்ட்’ என்று வாயால் சொல்லிவிட்டால் ஆயிற்றா? இந்த நான்கு கேள்விகளின் விடையைக் கொண்டுதான் ஆணையர் முடிவுசெய்வார்.

முகப்புத் திண்ணை எழுதியது:

எங்கள் ஐயா கட்டிய வீட்டுக்கும் இப்போது ஒன்பது பங்கு. விற்பதாக இல்லை, ஆனால் முன்னோர் வழிபாடான படைப்புக்கு முன் ஓடு மாற்றவும் வெள்ளையடிக்கவும் ஆட்களை அமர்த்துவதுண்டு. இந்த இழையைப் படித்ததும் கலக்கமாக இருக்கிறது. மேற்கண்ட வழக்கில் வீட்டுப் பங்காளிகள் பதினொரு பேரும் மாட்டிக்கொள்வார்களா? எங்கள் நிலை என்ன?

வழக்கேடு எழுதியது:

அம்மா, இரண்டும் வேறு வேறு நிலைகள். 12ஆவது பிரிவு ‘தன் தொழில் அல்லது வியாபாரத்தின் பொருட்டு’ வேலையை ஒப்பந்தத்திற்கு விடுபவரைத்தான் பிடிக்கிறது. பழைய வீட்டை விற்றுவிட்ட பங்காளிகளுக்கு மரம் பிரிப்பது தொழில் அன்று. வியாபாரிக்கோ அதுவே தொழில். ஆகவே வீட்டுக்காரர்களைக் கேளுங்கள் என்று அவர் கைகாட்டுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதே. விலைபேசியதற்கான கடிதமோ முன்பணம் கொடுத்த வங்கிப் பதிவோ பங்காளிகள் கையில் இருக்கும். அதன் நகலைக் கொடுத்தால் அவர்களுக்கும் நிம்மதி, காயம்பட்டவருக்கும் சான்று.

உங்கள் நிலையில், இடையில் யாரும் இல்லாமல் நீங்களே நாள் கூலிக்கு ஆள் அமர்த்துகிறீர்கள் என்றால் முதலாளி நீங்கள்தான். தற்காலிகமாக வந்தவர், நம் வியாபாரத்திற்காக வந்தவரும் அல்லர் என்று முன்பு ஒரு விலக்கு இருந்தது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கிவிட்டது. உயரத்தில் ஓடு மாற்றும் வேலைக்கு ஆள் ஏற்றும்போது இது நினைவில் இருக்கட்டும்.

ஊருணிக்கரை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. விசாரித்ததில், கூலி நாள் கணக்கில்தான் வந்திருக்கிறது. சனிக்கிழமைதோறும் வியாபாரியின் மகன் கைபேசி வழியாக மாமாவுக்கு அனுப்பியிருக்கிறார். உடன் வேலைசெய்த இருவருக்கும் அவரே தனித்தனியாக அனுப்பியிருக்கிறார். செயின் பிளாக்கும் வியாபாரியின் கொட்டகையிலிருந்து வந்ததுதான். அப்படியானால் எவ்வளவு கிடைக்கும் என்று தோராயமாகவேனும் சொல்ல முடியுமா?

வழக்கேடு எழுதியது:

கைபேசிப் பதிவுகளை இன்றே அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு அறிக்கையையும் வாங்கிவிடுங்கள். கைபேசி தொலைந்தால் வழக்கின் பாதி போய்விடும்.

கணக்கு இப்படி வரும். நாள் கூலி 1,000 ரூபாய் என்றால் மாத ஊதியம் எளிதாக 15,000 ரூபாயைத் தாண்டும். ஆனால் 2020 ஜனவரி 3 முதல் கணக்கிற்கு எடுத்துக்கொள்ளும் உச்ச ஊதியம் 15,000 ரூபாய்தான். (அதற்கு முன் பத்தாண்டுகளுக்கு 8,000 ரூபாயாக இருந்தது. விலைவாசிக்கும் இந்த உச்சவரம்புக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது போலும்.) நிரந்தர முழு ஊனத்திற்கு, ஊதியத்தின் 60 விழுக்காட்டை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 45 வயதுக்கு நான்காம் அட்டவணை தரும் காரணி 169.44. ஆக 9,000ஐ 169.44ஆல் பெருக்கினால் 15,24,960 ரூபாய். ஒரு கையின் நான்கு விரல்களை இழந்தால் 50 விழுக்காடு என்று முதலாம் அட்டவணை சொல்வதால், அந்தத் தொகையில் பாதி, அதாவது 7,62,480 ரூபாய் உங்கள் மாமாவுக்குக் குறைந்தபட்சமாக வர வேண்டியது.

ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டாம். 1975 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் சீனிவாச சபதா வழக்கில் காயம்பட்டவரும் தச்சர்தான். 1968 ஜூலையில் ஒரு திரையரங்கில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்து இடது கையை இழந்தார். அட்டவணைப்படி பார்த்தால் அது பகுதி ஊனமே. ஆயினும் ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவருடைய தொழிலைப் பொறுத்தவரை அது முழு ஊனம் என்பதை உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வலது கையின் நான்கு விரல்களும் இல்லாமல் உளியும் இழைப்புளியும் பிடிப்பது எப்படி? எனவே மனுவில் 15,24,960 ரூபாயையே கேளுங்கள். 50 விழுக்காட்டை மாற்றுக் கோரிக்கையாக வையுங்கள். இனித் தச்சு வேலை செய்ய இயலாது என்று அறுவைசிகிச்சை செய்த மருத்துவரின் சான்றைப் பெற்று, அவரைச் சாட்சியாகவும் அழைக்க முயலுங்கள். ஆணையர் முழுத் தொகையையும் தருவார் என்று என்னால் உறுதி கூற முடியாது. கேட்காததைத் தரமாட்டார் என்பது மட்டும் உறுதி.

அதே தீர்ப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. ஆணையர் உத்தரவிட்ட நாளில் அல்ல, விபத்து நடந்த நாளிலேயே இழப்பீடு செலுத்தத்தக்கதாகிவிடுகிறது. ஒரு மாதத்திற்குள் செலுத்தாவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு தனிவட்டி. 7,62,480 ரூபாய்க்கே அது ஆண்டுக்கு ஏறத்தாழ 91,500 ரூபாய். தாமதத்திற்குத் தக்க காரணம் இல்லையென்றால், முதலாளியின் விளக்கத்தைக் கேட்டபின் 50 விழுக்காடு வரை அபராதமும் விதிக்கலாம். ஒரு லட்சத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் வியாபாரிக்கு இந்தக் கணக்கை யாராவது எடுத்துச் சொன்னால் அவருக்கே நல்லது.

கண்ணாடி அச்சு எழுதியது:

நான் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறையில் வேலைசெய்கிறேன். எங்கள் பட்டறையில் பதினான்கு பேர். சென்ற வாரம் அச்சின் கண்ணாடி உடைந்து உள்ளங்கையில் ஆறு தையல்; மூன்று வாரம் வேலைக்குப் போக முடியாது. எனக்கும் இதே சட்டம்தானா? எங்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை எதுவும் கொடுக்கவில்லை.

வழக்கேடு எழுதியது:

உங்கள் வழி வேறு. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலைசெய்யும் இடம், இ.எஸ்.ஐ. நடைமுறையிலுள்ள பகுதியில் இருந்து, ஊதியம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் நீங்கள் அந்தத் திட்டத்தின் கீழ் வர வேண்டியவர். அப்படி வருபவர் அதே காயத்திற்கு முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. முதலாளி பதிவுசெய்யவில்லை, பங்குத்தொகை கட்டவில்லை என்பதற்காக உங்கள் உரிமை போய்விடாது. 2003இல் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வேலைக்காயத்திற்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். ஒப்பிட்டுப் பாருங்கள்: இ.எஸ்.ஐ.யில் வராதவருக்குத் தற்காலிக ஊனத்தின்போது கிடைப்பது, மாத ஊதியத்தில் கால் பங்கு வீதம் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, அதாவது பாதிச் சம்பளம். காயம்பட்ட நாளும் நேரமும் பட்டறையின் விபத்துப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிவிட்டு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திற்குச் செல்லுங்கள்.

செஞ்சைக்காரர் எழுதியது:

பொதுக்காப்பீட்டு முகவராக இருப்பதால் தேக்குமரம் அவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பொறுப்புக்கென்றே பணியாளர் இழப்பீட்டுக் காப்பீடு உண்டு. ஆட்களின் பெயர் குறிப்பிடாமல், எண்ணிக்கையும் ஊதியமும் மட்டும் சொல்லிக்கூட எடுக்கலாம். ஆனால் நம் ஊர்க்காரர்கள் செய்யும் தவறு, பிரீமியம் குறையட்டும் என்று பத்துப் பேரை நான்கு பேர் என்றும், வீடு பிரிப்பதை ‘மர வியாபாரம்’ என்றும் எழுதுவது. உத்தரம் விழுந்தபின் அந்தப் பாலிசியைக் கொண்டுவந்து நீட்டினால் நிறுவனம் எப்படி ஏற்கும்? உயரத்தில் இடித்துப் பிரிக்கும் வேலை என்பதையும் துணை ஒப்பந்ததாரரின் ஆட்களையும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். மருத்துவச் செலவுக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டியிருக்கலாம். தாமதத்திற்கான அபராதம் எப்படியும் முதலாளியின் சொந்தப் பையிலிருந்துதான் போகும்.

தேக்குமரம் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். எங்களில் பெரும்பாலோர் லாரிக்கும் கடைச் சரக்குக்கும் காப்பீடு எடுத்திருக்கிறோம். மேலே ஏறுகிற ஆளுக்கு எடுத்ததில்லை. ஊருணிக்கரை அவர்களின் மாமாவுடைய வியாபாரி யார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் நான் கேட்டது வீம்புக்காக அல்ல என்பதைப் பதிவுசெய்கிறேன்.

வழக்கேடு எழுதியது:

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் வியாபாரிக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு: விபத்தின் நாள், இடம், காரணம், காயத்தின் தன்மை. மனுவுக்கு விபத்து நாளிலிருந்து இரண்டு ஆண்டுக் காலம் உண்டு. உங்களுக்கு 2027 மார்ச் வரை நேரமிருந்தாலும் காத்திருக்க வேண்டாம், உடன் வேலைசெய்த சாட்சிகள் ஊர் மாறிப் போய்விடுவார்கள். மருத்துவமனையில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகல் கேளுங்கள், சேர்த்தபோது ‘வேலையிடத்தில் உத்தரம் விழுந்து’ என்று எழுதினார்களா, ‘வீட்டில் கீழே விழுந்து’ என்று எழுதினார்களா என்பதைப் பாருங்கள். காவல்நிலையத்தில் சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) போட்டிருந்தால் அதன் நகலும் வேண்டும். அறிவிப்புக் கிடைத்தபின் வியாபாரி தம் செலவில் மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்தால் மறுக்காதீர்கள்; மறுத்தால் இழப்பீட்டு உரிமை அதுவரை நிறுத்திவைக்கப்படும்.

தமிழ்நாட்டில் ஆணையர் அதிகாரம் தொழிலாளர் நலத்துறை அதிகாரிகளிடம் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்திற்குரியவர் யார் என்பதை மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். விபத்து நடந்த இடத்தில் மட்டுமன்றி, காயம்பட்டவர் குடியிருக்கும் இடத்திலும் மனு கொடுக்கலாம். வெளிமாநிலத்திலிருந்து வந்து வேலைசெய்பவர்களுக்கு இது பெரிய உதவி. வழக்குரைஞருக்குப் பணமில்லை என்றால் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் குழுவை அணுகுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மனுவை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரி உயர்நீதிமன்றம் போவதானால் தீர்ப்புத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

மாமா கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய உறுப்பினரா? உறுப்பினர் என்றால் அங்கும் விபத்து உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். வாரியம் தருகிறது என்பதற்காக முதலாளியின் பொறுப்புக் குறையாது.

ஊருணிக்கரை எழுதியது:

ஐயா, இந்த இழையில் எழுதி ஐந்து வாரங்களாகின்றன, தாமதத்திற்கு மன்னிக்கவும். ஏ.ஆர். நகலில் ‘வேலை செய்யும்போது மரம் விழுந்து’ என்றே இருக்கிறது. பங்காளிகளில் சென்னையில் இருக்கும் ஒருவர் விலைபேசிய கடிதத்தின் நகலை அனுப்பிவிட்டார். கேட்ட மறுநாளே அனுப்பினார். அறிவிப்புப் போன பிறகு வியாபாரியின் மகன் வீட்டுக்கு வந்து, மூன்று லட்சம் என்று தொகையை உயர்த்திப் பேசினார். எதுவானாலும் ஆணையர் முன்னிலையில் பேசிப் பதிவுசெய்துகொள்ளலாம் என்று மாமா சொல்லி அனுப்பிவிட்டார். உடன் வேலைசெய்த இருவரில் ஒருவர் சாட்சி சொல்லச் சம்மதித்திருக்கிறார். மற்றவர் இன்னும் அதே வியாபாரியிடம் வேலைக்குப் போவதால் நாங்கள் அவரை வற்புறுத்தவில்லை.

சட்டப்பணிகள் குழு அமர்த்தித் தந்த வழக்குரைஞர் நேற்று மனுவைத் தயார்செய்தார். 15,24,960 ரூபாயும், மாற்றாக 50 விழுக்காடும், வட்டியும் கேட்டிருக்கிறோம். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து என்றபோதுதான் ஒரு சிக்கல். மாமா இடது கையால் எழுதிப் பார்த்தார். வங்கியில் உள்ள கையெழுத்தோடு ஒத்துவரவில்லை. வழக்குரைஞர் மை அட்டையை எடுத்து, இடது பெருவிரல் ரேகை வைத்து இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டால் போதும் என்றார். அப்படியே செய்து திங்கட்கிழமை தாக்கல் செய்கிறோம்.